பெல்ட் எந்தப் பக்கம்

பிரேக்கக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால், குறைந்தது பத்துப் பேராவது நான்தான் என்று முன்னால் வந்து நிற்பார்கள். அத்தனை பேரும் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள். கற்றுக்கொடுக்கிற வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் ஒன்று. அந்த இரண்டாவது பிரேக்தான் அவள் பிழைப்பு, அவள் புகழ், எல்லாம். எதிரே லாரி வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்ட பெண்களும், வளைவில் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்ட பெண்களும் இன்றைக்குக் கைகால் முழுசாக நடமாடுகிறார்கள் என்றால், அதற்கு அவளுடைய வலது காலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வயது நாற்பத்தேழு. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். அவள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தோன்றியதில்லை. செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருக்கும் ஓர் அறைதான் பள்ளி. வாசலில் இரண்டு சின்ன வெள்ளைக் கார்கள், இரண்டின் மூக்கிலும் கீறல். உள்ளே, சாலைக் குறியீடுகள் வரைந்த பலகை முன்னால் குச்சியோடு நிற்பவர் அவள் கணவர். நோ பார்க்கிங்கிலிருந்து ஒருவழிப் பாதைவரை அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரே ஒரு குறை, அவருக்கு வண்டி ஓட்ட வராது. ஓட்டுவது கிடக்கட்டும், காரில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். பள்ளி தொடங்கின புதிதில் பிரேக்கக்கா சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். முதல் கியர் போடுவதற்குள் மனுஷன் வியர்த்துக் கொட்டி இறங்கிவிட்டார். "உனக்குப் புருஷனா இருந்துட்டுப் போறேன், சிஷ்யனா வேணாம்" என்று சொல்லிக் குச்சியைக் கையில் எடுத்தவர்தான். அதைச் சொல்லிச் சொல்லி அவள் இன்றும் சிரிப்பாள், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

இந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. சொல்லிக்கொடுக்கிறவர் உட்காருவது இடது சீட்டில். ஆனால் அங்கிருந்து பார்த்தால் பாதை வேறு மாதிரி தெரியும். ஓட்டுகிறவளுக்குக் கண்ணாடியில் என்ன தெரிகிறது, அவள் கைக்கு எது எட்டுகிறது, அவள் எங்கே பயப்படப் போகிறாள் என்பதெல்லாம் தெரியவேண்டுமானால் மனதால் வலது சீட்டுக்குப் போய்விட வேண்டும். "உடம்பு இந்த சீட்டுல, மனசு அந்த சீட்டுல" என்பாள் பிரேக்கக்கா. பதினெட்டு வருஷமாக அப்படியே இருந்து பழகி, அவளுக்கு இப்போது இடது சீட் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. சினிமா தியேட்டரில் உட்கார்ந்தால்கூடக் கை தானாகக் கியரைத் தேடும். கணவர் சமையலறையிலிருந்து வேகமாக வெளியே வந்தால், "கார்னர்ல ஸ்லோவா வாங்க" என்பாள்.

அவளிடம் வந்து சேர்ந்தவர்களிலேயே பெரிய சோதனை, டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபது தாண்டியவர். ஒல்லியான உடம்பு, சத்தமே வராத குரல், கஞ்சி போட்ட காட்டன் புடவை. சட்டதிட்டமெல்லாம் அவருக்கு அத்துப்படி. கிளட்ச், கியர் எதிலும் குறை இல்லை. ஆனால் எதைக் கண்டாலும் பிரேக் போடுவார். புறாவைக் கண்டால் பிரேக், நிழலைக் கண்டால் பிரேக், தூரத்தில் ஒரு குழந்தை வீட்டு வாசலில் பத்திரமாக உட்கார்ந்திருந்தாலும் பிரேக்.

"டீச்சர், அந்தப் புறாவுக்கு ரெக்கை இருக்கு."

"தெரியும் அக்கா. ஆனா அதுக்கு நம்ம வர்றது தெரியலைன்னா?"

"அதைவிட நம்மளுக்குப் பின்னாடி பஸ் வருதே, அது உங்களுக்குத் தெரியுமா?"

டீச்சர் கண்ணாடியைப் பார்ப்பார், பஸ்ஸைப் பார்ப்பார், பயத்தில் இன்னொரு முறை பிரேக் போடுவார். உரிமத் தேர்வில் ஏற்கெனவே ஊற்றிக்கொண்டாயிற்று. இன்ஸ்பெக்டர் இறங்கும்போது கழுத்தைத் தடவிக்கொண்டே போனார் என்று கேள்வி. இன்னொரு வழக்கமும் டீச்சருக்கு உண்டு. வண்டியில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை எடுத்து நாலாக மடித்து, பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வைத்துக்கொள்வார். புடவை கசங்காமல் இருக்கத்தான் என்று நினைத்துப் பிரேக்கக்கா அதையும் கேலி பண்ணுவாள். டீச்சர் சிரித்து வைப்பார்.

ஒரு நாள் காலை, நல்ல அகலமான சாலை, காலியாகக் கிடந்தது. வண்டியும் நல்ல வேகத்தில் போனது. பிரேக்கக்காவுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்து காலை நீட்டிக்கொண்டாள். அப்போது பார்த்து ஒரு காலிக் காகிதப் பை காற்றில் உருண்டு வந்தது. டீச்சர் போட்டார் பாருங்கள் ஒரு பிரேக். பெல்ட் பிடித்து இழுத்ததில் பிரேக்கக்காவுக்கு மூச்சே நின்று வந்தது. "பேப்பர் பை டீச்சர், வெறும் பேப்பர் பை" என்று சொல்லும்போதே நெஞ்செல்லாம் வலித்தது. இரண்டு நாள் வலித்தது, பிறகு போய்விட்டது.

ஆனால் சில வாரம் கழித்துக் குளிக்கும்போது கையில் ஒன்று தட்டுப்பட்டது. வலது மார்பில், மேல்பக்கம், அக்குளை ஒட்டி. ஒரு திராட்சைப் பழம் அளவுக்கு இருந்தது. அழுத்தினால் கொஞ்சம் வலித்தது, லேசாக நகர்ந்தும் கொடுத்தது. சோப்பு நுரையோடு அப்படியே நின்றாள். இருபது லாரி எதிரே வந்தாலும் அசராதவள், அந்தச் சின்ன உருண்டையைத் தொட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஒரே ஒரு சொல்தான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, மனதுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்க்கவில்லை.

கணவரிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றாலே தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர் அவர். யாரிடம் கேட்பது என்று யோசித்து, கடைசியில் தன் அக்காவிடம் போனாள். அக்கா அடுத்த தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். தலைமுடி வெட்டிக்கொள்ள வருகிற பெண்கள் விட்டுப்போகும் செய்தி, வைத்தியம், வதந்தி எல்லாம் அவளிடம் பத்திரமாக இருக்கும்.

"எங்கிட்ட வண்டி கத்துக்கிற ஒரு பொண்ணுக்கு மாருல கட்டி மாதிரி இருக்காம். எதனால வரும்?"

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவே இல்லை. "ஃபோனை ஜாக்கெட்டுக்குள்ள செருகி வெச்சிருப்பா. இல்லன்னா டைட்டா பிரா போடுவா. ராத்திரிகூடக் கழட்ட மாட்டா. அக்குளுக்கு வாசனை ஸ்ப்ரே அடிக்கிறாளா கேளு."

பக்கத்து நாற்காலியில் தலையில் ஹேர் டையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி, "குழந்தைக்குப் பால் குடுக்கிறப்போ கட்டிக்கிட்டது கரையாம நின்னிருக்கும்" என்றார்.

"அந்தப் பொண்ணு குழந்தைக்கு இருபத்தி மூணு வயசு" என்றாள் பிரேக்கக்கா.

"அப்படின்னா அடி கிடி பட்டிருக்கும்" என்றாள் அக்கா. "அடிபட்ட இடத்துல கட்டி நிக்கும். என் கஸ்டமர் ஒருத்திக்கு நாற்காலி முனை இடிச்சு வந்துச்சு, தானாப் போயிடுச்சு. எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுடி."

கடைசியாகச் சொன்ன வார்த்தை பிரேக்கக்காவின் காதில் ஏறவே இல்லை. அதற்கு முந்தின வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடி. காகிதப் பை. டீச்சர் போட்ட பிரேக். பெல்ட். தெருவில் இறங்கி நடக்கும்போதே அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்குக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, வலது தோளிலிருந்து குறுக்காக ஒரு கோட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். பெல்ட் போகிற பாதை. கட்டி அந்தப் பாதையிலேயே இருந்தது. சந்தேகமே இல்லை. தானாகக் கரைந்துவிடும் என்று தீர்மானித்து விளக்கை அணைத்துவிட்டு வந்தாள்.

கட்டி கரையவில்லை. மாதவிலக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் பெரிதாகி வலித்தது, பிறகு சுருங்கியதுபோல இருந்தது, மறுபடியும் பெரிதானது. அவளோ ஒவ்வொரு முறையும் பட்டது பலமான அடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு மாதம் ஓடிப்போனது. சிரிப்பு மட்டும் குறையவில்லை என்று நினைத்துக்கொண்டாள். குறைந்திருந்தது. கணவர் அதைக் கவனித்து, மிளகு ரசம் வைத்துக் கொடுத்துப் பார்த்தார்.

அப்புறம் ஒரு நாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரம், டீச்சர் வழக்கம்போல ஒரு பூனைக்காகப் பிரேக் போட்டார். பூனை மதில்மேல் இருந்தது. பிரேக்கக்காவின் கை தானாக வலது மார்புக்குப் போயிற்று.

"வலிக்குதா அக்கா?"

"வலிக்காம என்ன டீச்சர். அன்னைக்குப் பேப்பர் பைக்குப் போட்டீங்களே, அந்த பிரேக்குல பெல்ட் அழுத்தி உள்ளே கட்டியே விழுந்துடுச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொன்ன பிறகுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டினார். ஒரு சக்கரம் நடைபாதைமேல் ஏறி நின்றது, அதைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்படவில்லை.

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். இதோ, இங்க மேல."

டீச்சர் அவளைப் பார்த்தார். அவள் தோளைப் பார்த்தார். கணக்கில் எங்கே பிழை என்று பார்க்கிற பார்வை அது. "அக்கா, உங்க பெல்ட் அந்தப் பக்கமே வரலையே" என்றார்.

பிரேக்கக்கா குனிந்து பார்த்தாள். இடது சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பெல்ட் அவள் இடது தோளிலிருந்து இறங்கி, குறுக்கே ஓடி, வலது இடுப்புக்குப் போயிருந்தது. கட்டி இருந்த இடம் பெல்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, வலது அக்குளோரம், தொடாமல் கொள்ளாமல் நிம்மதியாக இருந்தது. வலது தோளிலிருந்து பெல்ட் வருவது ஓட்டுகிற சீட்டுக்கு. பதினெட்டு வருஷமாக மனதால் அங்கேயே உட்கார்ந்திருந்தவள், கண்ணாடி முன்னால் நின்றபோதும் அந்தப் பெல்ட்டைத்தான் தன் உடம்பில் வரைந்திருக்கிறாள். யாராவது ஒரு மாணவி இப்படித் தப்பு பண்ணியிருந்தால் மூன்று நாள் சொல்லிச் சிரித்திருப்பாள். இப்போது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிடித்துக்கொண்டிருந்த ஒரே காரணமும் போய்விட்டது.

"அப்ப இது என்ன டீச்சர்?" என்றாள். அவள் குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"தெரியாது. பார்த்தாத்தான் தெரியும்" என்றார் டீச்சர். பிறகு தன் நெஞ்சின்மேல் மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "இதை எதுக்கு வெச்சுக்கிறேன்னு நீங்க ஒரு நாளும் கேக்கல. எனக்கு வலது பக்கம் மார்பு இல்ல அக்கா. கேன்சர் வந்து எடுத்துட்டாங்க, பத்து வருஷம் ஆச்சு. உள்ளே பஞ்சு வெச்ச பிராதான் போட்டுக்கிறேன். இந்த சீட்டுல உட்கார்ந்தா பெல்ட் சரியா அந்தத் தழும்பு மேலேயே வந்து உக்காரும். பக்கத்து சீட்டுல உட்கார்ந்தா வராது. அதனாலதான் எனக்குத் தெரியும்."

பிரேக்கக்காவுக்கு அந்தத் துண்டைக் கேலி பண்ணியதெல்லாம் ஞாபகம் வந்து முகம் சுட்டது. டீச்சரோ தழும்பைப் பற்றியல்ல, அன்றைய வானிலையைப் பற்றிப் பேசுகிறவர்போல இயல்பாக இருந்தார்.

"அப்ப என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தது என் வீட்டுக்காரர். இப்ப அவருக்குக் கண் மங்கிடுச்சு. இனிமே நான்தான் அவரைக் கூட்டிட்டுப் போகணும். அதுக்குத்தான் இந்த வயசுல உங்க கழுத்தை ஒடிக்கிறேன்." லேசாகச் சிரித்தார். "உங்களுக்கு வந்திருக்கிறது அதுதான்னு நான் சொல்லல. பெரும்பாலும் அதுவா இருக்காதுன்னு அங்க சொல்லிக் கேட்டிருக்கேன். ஆனா இதுக்கு மேல யோசிச்சுக்கிட்டு உக்காராதீங்க. நாளைக்குக் காலையில போறோம். நான் ஓட்டுறேன்."

"நீங்களா?" என்றாள் பிரேக்கக்கா. அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அன்று வீட்டில், கணவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள். அவர் மயங்கி விழுவார் என்று எதிர்பார்த்தாள். விழவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ரெண்டு மாசமாவா?" என்றார். "ரெண்டு மாசம் தனியாவா வெச்சிருந்தே?" அவ்வளவுதான் கேட்டார். அதில் கோபம் இல்லை. அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது. நானும் வருவேன் என்று அவர் சொன்னபோது, காரிலா என்று அழுதுகொண்டே கேட்டாள். "காரிலதான். கண்ணை மூடிக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலை எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார் கிளம்பியது. ஓட்டுவது டீச்சர். பக்கத்தில் பிரேக்கக்கா. பின் சீட்டில் கணவர், மடியில் ஒரு காலி பிளாஸ்டிக் பை, கையில் பாதி எலுமிச்சம்பழம், கண் இறுக்கி மூடியபடி. பிரேக்கக்காவால் அன்றைக்கு எந்த வண்டியையும் ஓட்டியிருக்க முடியாது, எந்த வண்டியையும் நிறுத்தியிருக்கவும் முடியாது. டீச்சர் அதைத் தெரிந்துகொண்டவர்போல ஓட்டினார். வழியில் புறாக் கூட்டம் ஒன்று சாலை நடுவே மேய்ந்தது. டீச்சர் ஹாரன் அடித்தார். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். புறாக்கள் பறந்தன, வண்டி போய்க்கொண்டே இருந்தது. "ஆஹா" என்றாள் பிரேக்கக்கா தன்னையறியாமல். பின்னாலிருந்து, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று குரல் வந்தது.

டாக்டர் குட்டையான பெண்மணி, சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து அறை முழுக்க உருண்டுகொண்டிருந்தார். இரண்டு மார்பையும், அக்குள் இரண்டையும் நிதானமாகத் தொட்டுப் பார்த்தார். தோல் எங்காவது குழி விழுந்திருக்கிறதா, காம்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது கேன்சர் வந்திருக்கிறதா என்று கேட்டார். பிரேக்கக்கா பெல்ட் கதையைச் சொன்னாள். எந்த சீட்டில் உட்கார்ந்து எந்த சீட்டுப் பெல்ட்டை வரைந்தாள் என்பதையும் விடாமல் சொன்னாள். டாக்டர் ஸ்டூலோடு பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொள்ளும்வரை சிரித்தார்.

"நீங்க நினைச்சது முழுக்கப் பொய் இல்லம்மா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அடிபட்டாலும் உள்ள இருக்கிற கொழுப்பு இறுகிக் கட்டி மாதிரி நிக்கும். ஆனா கட்டின்னா அது ஒண்ணு மட்டும் இல்லையே. சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு ஒண்ணு வரும், தொட்டா நழுவி ஓடும், பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. பால் குடுக்கிறவங்களுக்குப் பால் கட்டிக்கும், சில சமயம் சீழ் வைக்கும். பீரியட்ஸ் நிக்கப்போற வயசுல ஹார்மோன் ஏறி இறங்குறதுல தண்ணி கோத்துக்கும். கேன்சராவும் இருக்கலாம். வலிக்குது, வலிக்கல, நகருது, நகரலன்னு வெச்சு நீங்க வீட்டுல தீர்ப்பு சொல்லிக்க முடியாது. தொட்டுப் பார்த்து நானே முழுசா சொல்ல மாட்டேன். வாங்க, மெஷினைக் கேப்போம்."

முதலில் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்திப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் வலித்தது, ஒரு நொடிதான். பிறகு குளுகுளுவென்று ஒரு களிம்பைத் தடவி ஸ்கேன். திரையில் சாம்பல் நிறப் புள்ளிகளுக்கு நடுவே கன்னங்கரேலென்று ஓர் உருண்டை தெரிந்தது. கறுப்பு என்றால் கெட்டது என்று பிரேக்கக்கா தானாகவே முடிவு பண்ணிவிட்டாள். கணவரின் கையைத் தேடினாள். கை அங்கேயே இருந்தது, சில்லென்று.

"இந்தக் கறுப்புதான் நல்ல கறுப்பு" என்றார் டாக்டர். "உள்ள சதை இருந்தா இப்படித் தெரியாது. இது வெறும் தண்ணி. ஓரம் பாருங்க, எவ்வளவு வழவழன்னு இருக்கு. நீர்க்கட்டி. அப்படியே விட்டாலும் ஒண்ணும் இல்ல. வலிக்குதுங்கிறதால எடுத்துடலாமா?"

மெல்லிய ஊசி ஒன்று உள்ளே போனது. எலுமிச்சை நிறத்தில் தெளிவான நீர் ஊசிக்குழாயில் ஏறியது. ரத்தம் கலந்திருந்தால் சோதனைக்கு அனுப்புவோம், இதற்குத் தேவையில்லை என்றார் டாக்டர். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்துவிட்டு, "இப்ப தொட்டுப் பாருங்க" என்றார். பிரேக்கக்கா தொட்டாள். அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டு மாதம் அவளோடு சாப்பிட்டு, தூங்கி, வண்டியில் வந்த உருண்டை, குழாயில் ஒரு வாய்த் தண்ணீராக நின்றது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலில் படுத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கணவர் டாக்டருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார்.

சட்டையை மாட்டிக்கொண்ட பிறகும் அவளுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "ஏன் டாக்டர் வந்துச்சு? ஃபோனா? டைட்டா போட்டதா?"

"ஃபோனை அங்க வெச்சா வியர்வையில ஃபோன்தான் கெடும். பிராவும் ஸ்ப்ரேயும் பாவம், விட்டுடுங்க. வயசு, ஹார்மோன், அவ்வளவுதான். நீங்க செஞ்சதால வரல, செய்யாம விட்டதால வரல."

"ஒருவேளை மத்ததா இருந்திருந்தா?"

"அதுவா இருந்திருந்தாலும் இதே பதில்தாம்மா. வயசு, குடும்பத்துல வர்றது, உடம்பு எடை, குடிப்பழக்கம், இப்படிச் சிலது வாய்ப்பைக் கூட்டும். ஆனா ஒரு பொம்பளையை நிறுத்தி வெச்சு, உனக்கு இதனாலதான் வந்துச்சுன்னு விரல் நீட்ட எங்களாலயே முடியாது. யார் மேலயும் தப்பில்ல. ரெண்டு மாசம் வராம உக்காந்திருந்தீங்களே, அதுக்கு வேணா திட்டுறேன்." ஆறு வாரம் கழித்து ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்.

வெளியே காத்திருந்த டீச்சர் இவர்கள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். பிரேக்கக்கா ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து, "தண்ணி டீச்சர், வெறும் தண்ணி" என்றாள். காத்திருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரின் எலும்பு நொறுங்கியிருக்கும், ஆனால் அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

திரும்பும்போதும் டீச்சர்தான் ஓட்டினார். பிரேக்கக்காவின் வாய் ஓயவே இல்லை. டாக்டர் ஸ்டூலில் உருண்டது, கறுப்பு உருண்டை, ஊசி, ஃபோனுக்கு வியர்த்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். டீச்சர் பாதையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார். சிக்னலில் வண்டி நின்றபோது மெதுவாகக் கேட்டார்.

"கோபத்தால வரும்னு சொன்னாங்களா அக்கா?"

"கோபமா? எது?"

"எனக்கு வந்தது." விளக்கு பச்சையானது. டீச்சர் கியர் போட்டு நகர்ந்தார். "நான் ரொம்பக் கோபக்காரி. நம்ப மாட்டீங்க. ஸ்கூல்ல கத்துவேன், பிள்ளைங்களை அடிச்சிருக்கேன். எனக்கு வந்தப்போ எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. அத்தனை பிள்ளைங்களை அழ வெச்சியே, அந்தக் கோபம்தான் உள்ளேயே இறுகிப்போய் இப்படி வந்துச்சுன்னு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. அதுக்கப்புறம் நான் சத்தமாப் பேசினதே இல்ல. என்னால யாருக்கும், எதுக்கும், ஒரு புறாவுக்குக்கூட ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு..."

பிள்ளைகளை அடித்தது சரி என்று பிரேக்கக்காவால் சொல்ல முடியாது, டீச்சரும் அதைக் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"டீச்சர்" என்றாள். "நான் கேட்டேன். இதுவா இல்லாம அதுவா இருந்திருந்தான்னு நானே கேட்டேன். யார் மேலயும் தப்பில்லன்னுதான் சொன்னாங்க. பிள்ளைங்களை அடிச்சது ஒரு கணக்கு. இது வேற கணக்கு. ரெண்டையும் சேர்த்துக் கூட்டினது யாரு? கோபத்தால வரல. நீங்க வரவழைக்கல. உங்க மேல தப்பே இல்ல."

டீச்சர் கண்ணாடியைப் பார்த்தார். இண்டிகேட்டர் போட்டார். வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, நடைபாதையை உரசாமல், சக்கரம் நேராக, வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். கியரை எடுத்து, கைபிரேக் போட்டு, இன்ஜினை அணைத்தார். பிறகு ஸ்டீயரிங்மேல் இரண்டு கையையும் வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. பிரேக்கக்கா அந்த முதுகில் கையை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பத்து வருஷமா" என்றார் டீச்சர், முகத்தை நிமிர்த்தாமலே. "பத்து வருஷமா இதை எங்கிட்ட சொல்ல ஒருத்தர்கூட இல்லையே அக்கா."

"உங்க மேல தப்பில்ல டீச்சர்" என்றது இன்னொரு குரல்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பின் சீட்டில் பிரேக்கக்காவின் கணவர் கண்ணைத் திறந்து, நேராக உட்கார்ந்து, பலகைக்கு முன்னால் நின்று பாடம் சொல்கிற அதே உறுதியான குரலில் இன்னொரு முறை சொன்னார்.

"தப்பே இல்ல."